பாதிப் பரீட்சையின் மதிப்பு

வணிகர் கல்விப் பகுதி



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சங்க மண்டபத்தில் சிலர் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். அப்போது எழுந்த பேச்சே இம்மாதப் பாடத்திற்குக் காரணமாயிற்று.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் தம் மனக்குறையை வெளியிட்டார். "மகன் கணினிப் பரீட்சைக்குப் பணம் கட்டினான். இரண்டில் ஒன்று தேறினான். மற்றதை எழுதாமல் எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிறான். கடைக்கு வந்து பெட்டியடியில் உட்காரப்பா என்றால், கொஞ்சம் பொறுங்கள் அத்தா என்கிறான். கட்டிய பணமெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்தானா?" என்றார்.

பக்கத்தில் இருந்த ஜவுளிக் கடைக்காரருக்கு இதைக் கேட்டதும் பழைய கோபம் வந்துவிட்டது. "பாதிப் பரீட்சை என்ற பேச்சையே என்னிடம் எடுக்காதீர்கள் பாய்! அதே பட்டம் வாங்கியவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பையன் என்னிடம் வேலைக்கு வந்தான். பற்று வரவு முழுவதையும் அவன் கையில் கொடுத்தேன். ஒரு நாள் கணினி பழுதாயிற்று. கணக்குக்கு வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. மூன்று மாதத்துக் கடன் பாக்கி போயிற்று. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை அவரவர் வாய்ச்சொல்லை நம்பி எழுதினேன். பிறகு விசாரித்தால், அவன் இரண்டில் ஒன்றுதான் தேறியவனாம். அன்றே அனுப்பிவிட்டேன்" என்றார்.

இருவர் சொல்வதும் சரி போலவே தோன்றும். ஆனால் இருவருமே கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. "தேறியது எந்தப் பாதி?" என்பதே அக்கேள்வி. அதைக் கேட்கத் தெரிந்துகொண்டால் பாதிப் பரீட்சையின் விலை தானே விளங்கும்.

1. தேறியவர் கையில் இருப்பது என்ன?

ஒருவர் பரீட்சையில் தேறும்போது அவருக்கு மூன்று பொருள்கள் கிடைக்கக்கூடும். முதலாவது அறிவு. இரண்டாவது சாட்சி, அதாவது, இன்னார் இன்ன பாடத்தில் இன்ன நாளில் தேறினார் என்று பரீட்சை நடத்தியவர்கள் தரும் மதிப்பெண் தாள். மூன்றாவது பட்டம், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துக்கள்.

பாதியில் நிற்பவரிடம் பாதி அறிவு உண்டு. அந்தப் பாதிக்கு முழுச் சாட்சியும் உண்டு. பட்டம் மட்டும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைச் சல்லடை போட்டுச் சலிக்கும் பெரிய நிறுவனம் பெரும்பாலும் பட்டத்தைத்தான் முதலில் தேடும். பட்டம் இல்லாத விண்ணப்பம் அங்கே சல்லடையிலேயே தங்கிவிடலாம். நம் போன்ற கடைக்காரர் அப்படியல்லர். ஆளை நேரில் பார்க்கிறோம்; நாலு கேள்வி கேட்கிறோம்; ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்க்கிறோம். நமக்கு அறிவும் சாட்சியும் போதும். ஒரே சரக்குக்கு மொத்தக் கடையில் ஒரு விலையும் சில்லறைக் கடையில் ஒரு விலையும் இருப்பது போல, பாதிப் பரீட்சையின் மதிப்பும் வாங்குபவரைப் பொறுத்து மாறும்.

2. கிணறும் படிக்கட்டும்

அரைக்கிணறு தாண்டுவதைப் பற்றி நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். தாண்டினால் முழுக் கிணற்றையும் தாண்டவேண்டும். பாதி தாண்டியவன் உள்ளேதான் விழுவான். படிக்கட்டோ வேறு. பாதி ஏறியவனுக்கும் நிற்க இடம் உண்டு. கணினிச் சான்றிதழ்களில் இரண்டும் உள்ளன. எது கிணறு, எது படிக்கட்டு என்று பணம் கட்டுமுன் அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலில் கிணற்றைப் பார்ப்போம். நம் பெரியவரின் மகன் எழுதியது காம்ப்டியா நிறுவனத்தின் ஏ-பிளஸ். கணினி பழுது பார்க்கும் வேலைக்கும், அலுவலகங்களில் கணினி உதவியாளர் வேலைக்கும் நுழையும் இளைஞர்கள் எழுதுவது இது. இதற்கு இரண்டு பரீட்சைகள். ஒவ்வொன்றுக்கும் நேரம் 90 நிமிடம். கேள்விகள் 90-க்கு மேல் இரா. 900 என்ற அளவில் முதற்பரீட்சைக்கு 675-உம், இரண்டாவதற்கு 700-உம் வேண்டும். இரண்டும் தேறினால்தான் பட்டம். ஒன்று மட்டும் தேறியவருக்கு அரைப்பட்டம் என்று எதுவும் கிடையாது. மதிப்பெண் தாள் மட்டுமே உண்டு.

இனிப் படிக்கட்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பழைய பட்டங்கள் இதற்கு நல்ல உதாரணம். விண்டோஸ் சர்வர் 2003 வரிசையில் எம்.சி.எஸ்.இ. என்ற பட்டத்திற்கு 7 பரீட்சைகள் இருந்தன. ஆனால் ஒன்றில் தேறியவுடனேயே எம்.சி.பி. என்ற பெயர் கிடைக்கும். 4 தேறினால் எம்.சி.எஸ்.ஏ. பட்டம். 7-உம் முடித்தால் எம்.சி.எஸ்.இ. நடுவில் குடும்பச் சுமையால் நின்றவரும் ஏதோ ஒரு படியில் நின்றார், கிணற்றில் விழவில்லை.

இன்று சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.பி. அத்தகையதே. அதற்கு ஒரு மையப் பரீட்சையும் ஒரு சிறப்புப் பரீட்சையும் உண்டு. எந்த ஒன்றில் தேறினாலும் 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற தனிப் பட்டத்தை அந்நிறுவனமே தருகிறது. அது 3 ஆண்டு செல்லும். மையப் பரீட்சையில் தேறியவர், அதைவிட உயர்ந்த சி.சி.ஐ.இ. பட்டத்திற்கான செய்முறைப் பரீட்சையை எழுதவும் தகுதி பெறுகிறார்.

மலேசியாவின் திறன் சான்றிதழ் முறையிலும் இந்த நல்ல ஏற்பாடு உண்டு. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், சிஜில் கெமாஹிரான் மலேசியா என்ற முழுச் சான்றிதழை எட்டாமல் சில பிரிவுகளில் மட்டும் தேறியவருக்குப் பென்யாத்தா பெஞ்சாப்பாயான் என்ற தேர்ச்சிப் பத்திரம் கொடுக்கப்படுகிறது. சிங்கப்பூரில் 2005-இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.கியூ. முறையும் அவ்வாறே. பிரிவு பிரிவாகத் தேறிப் பத்திரங்களைச் சேர்த்து, பின்னர் முழுத் தகுதியைப் பெறலாம். கடை நேரம் போக மிச்ச நேரத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய படிக்கட்டே ஏற்றது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அங்கே பரீட்சை முடிந்திருக்கும், அனுபவம் முடிந்திராது. கணினிப் பாதுகாப்புத் துறையில் பெயர் பெற்ற சி.ஐ.எஸ்.எஸ்.பி. பட்டத்திற்குப் பரீட்சையோடு 5 ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். பரீட்சையில் தேறி அனுபவம் போதாதவரை, பட்டம் வழங்கும் ஐ.எஸ்.சி.2 அமைப்பு 'அசோசியேட்' என்று ஏற்றுக்கொண்டு, அனுபவத்தை நிறைவு செய்ய 6 ஆண்டு அவகாசம் தருகிறது. ஆனால் அதுவரை அவர் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற எழுத்துக்களைத் தம் பெயரோடு சேர்க்கலாகாது. கணினிக் கணக்காய்வாளருக்கான சீசா பட்டத்திலும், பரீட்சையில் தேறிய 5 ஆண்டுக்குள் அனுபவத்தைக் காட்டிப் பட்டத்திற்கு விண்ணப்பிக்கவேண்டும்.

3. எந்தப் பாதி?

ஜவுளிக் கடைக்காரரின் நஷ்டத்திற்கு இப்போது வருவோம். ஏ-பிளஸ் பரீட்சையின் முதற்பாதியில் உள்ளவை யாவை? கணினியின் உறுப்புகள், பிரிண்டர், கைப்பேசி, கம்பிவழி மற்றும் வைஃபை இணைப்பு, இவற்றில் நேரும் பழுதுகள். இரண்டாம் பாதியில் உள்ளவை யாவை? விண்டோஸ் முதலிய இயக்க முறைகள், பாதுகாப்பு, மென்பொருள் பழுதுகள், வேலை ஒழுங்குமுறை. கணக்குக்கு நகல் எடுத்து வைப்பதும், போனதை மீட்பதும் இந்த வேலை ஒழுங்குமுறையில் வரும் பாடங்கள். இரண்டாம் பரீட்சையில் நூற்றுக்கு 28 பங்கு பாதுகாப்புப் பற்றியது.

ஆகவே அந்தப் பையன் ஒன்றும் தெரியாதவன் அல்லன். ரசீது அடிக்கும் பிரிண்டர் நின்றுபோனால் பார்த்திருப்பான். ரவுட்டரை ஒழுங்கு செய்திருப்பான். அவனுக்குத் தெரிந்த பாதி கடைக்கு உதவும் பாதிதான். தெரியாத பாதியை நம்பி முதலாளி தம் கணக்கு முழுவதையும் ஒப்படைத்தார். துணியைச் சீராக வெட்டத் தெரிந்தவனிடம் தைக்கவும் கொடுத்துவிட்டு, தையல் பிரிந்தது என்று வருந்துவது போலாயிற்று.

இதில் குற்றம் பாதிப் பரீட்சையின் மேல் இல்லை. பாதியை முழுது என்று சொன்ன நாவின் மேல் குற்றம். கேட்காமல் நம்பிய காதின் மேலும் சிறிது குற்றம். விளைவோ இருவருக்கும் நஷ்டம். முதலாளிக்குக் கடன் பாக்கி போயிற்று. பையனுக்கு வேலையும், அந்தத் தெருவில் நல்ல பெயரும் போயின.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்ட செய்தியை நாம் அனைவரும் மிம்பரில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு, மறைப்பதுதான் கூடாது. பாதிப் பரீட்சையையும் குவியலின் மேலே வைத்துக் காட்டவேண்டும். அதுவே ஹலாலான சம்பாத்தியத்தின் வழி.

4. சொல்லும் முறை

வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் எப்படிச் சொல்வது? "ஏ-பிளஸ் பெற்றவன்" என்று எழுதுவது பொய். "ஏ-பிளஸ் படித்தேன்" என்று மட்டும் எழுதுவது தேறிய உண்மையையும் மறைத்துத் தன்னையே நஷ்டப்படுத்திக்கொள்வது. சரியான முறை இது:

"காம்ப்டியா ஏ-பிளஸ்: முதற்பரீட்சை, 220-1201, இன்ன மாதம் இன்ன ஆண்டில் தேறினேன். இரண்டாம் பரீட்சை, 220-1202, இன்ன தேதியில் எழுதப் பதிவு செய்துள்ளேன். மதிப்பெண் தாள் இணைக்கப்பட்டுள்ளது."

இதில் பெயர், எண், நாள், எஞ்சியது, சாட்சி ஆகிய ஐந்தும் இருக்கின்றன. இதைப் படிக்கும் முதலாளிக்கு ஐயமே எழாது. எழுதப் பதிவு செய்த தேதி இருந்தால், இவன் வழியில் நடந்துகொண்டிருப்பவன் என்று தெரியும். தேதி இல்லையேல், வழியில் உட்கார்ந்துவிட்டவனோ என்ற ஐயம் வரும். பாதிப் பரீட்சைக்கு மதிப்பைக் கூட்டுவது பெரும்பாலும் அந்த ஒரு தேதிதான்.

5. தவணை தவறினால்

கணினிச் சான்றிதழ் பருப்பைப் போன்றதன்று; பாலைப் போன்றது. நாள்பட்டால் கெடும். ஏ-பிளஸ் பரீட்சை வரிசை ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. 2022-இல் வந்த 220-1101, 220-1102 என்ற வரிசை 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் 220-1201, 220-1202 என்ற புதிய வரிசை வந்தது. பழைய வரிசையின் முதற்பாதியையும் புதிய வரிசையின் இரண்டாம் பாதியையும் ஒட்டவைக்க முடியாது. பழைய வரிசையில் ஒன்று மட்டும் தேறி நின்றவர், பட்டம் வேண்டுமாயின் இரண்டையும் புதிதாக எழுதவேண்டும்.

படிக்கட்டையும் ஒரு நாள் இடித்துவிடுவார்கள் என்பதற்குச் சிஸ்கோ ஒரு படிப்பினை. முன்பு சி.சி.என்.ஏ. பட்டத்தை இரண்டு பாதியாக எழுத வழி இருந்தது. முதற்பாதியில் தேறியவருக்குச் சி.சி.இ.என்.டி. என்ற சிறு பட்டமும் கிடைத்தது. 2020 பிப்ரவரி 24-ஆம் தேதி முதல் சி.சி.என்.ஏ. ஒரே பரீட்சையாயிற்று. அந்தத் தேதிக்குள் இரண்டாம் பாதியை முடிக்காதவர் முழுப் பரீட்சையையும் எழுதும் நிலை ஏற்பட்டது. கையிலிருந்த சிறு பட்டம் அதன் காலம் முடியும் வரை செல்லுபடியாயிற்று. ஆனால் அதிலிருந்து மேலே ஏறும் வழி அடைபட்டது. மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. பட்டங்களும் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டன.

ஆகையால் பாதியில் நிற்பவர் முதலில் செய்யவேண்டியது, பரீட்சை நடத்துவோரின் இணையப் பக்கத்தைத் திறந்து, "என் வரிசை எந்த நாளோடு முடிகிறது?" என்று பார்ப்பது. அந்த நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைப்பது.

6. முடிப்பதா, விடுவதா?

ஹரி ராயாவுக்கு வாங்கிய துணி பண்டிகை முடிந்த பின் மிஞ்சிவிட்டால் நல்ல வியாபாரி என்ன செய்வான்? வாங்கிய விலையை நினைத்து அழமாட்டான். இன்று விற்றால் என்ன வரும், அடுத்த ஆண்டு வரை வைத்தால் என்ன வரும் என்றே பார்ப்பான். பரீட்சைக்கும் இதே கணக்குத்தான். கட்டிய பணம் போன பணம். "இவ்வளவு கட்டிவிட்டோமே" என்பதற்காக மேலும் கட்டுவதும் தவறு. "இவ்வளவு வீணாயிற்றே" என்ற கோபத்தில் நிறுத்துவதும் தவறு. கேட்கவேண்டியவை நான்கு:

முதலாவது, இனிக் கட்டவேண்டிய தொகை எவ்வளவு? இரண்டாவது, இனிப் படிக்கவேண்டிய காலம் எவ்வளவு. வரிசை முடிவதற்குள் அது போதுமா? மூன்றாவது, போக விரும்பும் வேலைக்கு அந்தப் பட்டம் வேண்டுமா? நாலைந்து வேலை விளம்பரங்களைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். நான்காவது, மற்ற பாதியின் பாடம் நம் தொழிலுக்குப் பயன்படுமா?

நான்கிற்கும் விடை சாதகமாக இருந்தால் முடித்துவிடவேண்டும். பிள்ளையின் மனம் வேறு துறைக்குப் போய்விட்டதாயின், தேறியதை உள்ளபடி எழுதி வைத்துக்கொண்டு, எஞ்சியதை விட்டுவிடுவதில் வெட்கமில்லை. நடுவில் தொங்குவதுதான் நஷ்டம். மாதத்திற்கு மாதம் படித்தது மறந்துபோகும். வரிசையும் முடிவை நெருங்கும்.

7. முதலாளிமார் கவனிக்க

ஆளை வேலைக்கு எடுக்கும்போது மதிப்பெண் தாளைக் கேளுங்கள். பட்டம் பெற்றவர் என்றால், அதை வழங்கியவரின் இணையப் பக்கத்தின் வழியாகச் சரிபாருங்கள். "எந்தப் பாடங்கள் தேறினாய், எவை பாக்கி?" என்று நேராகக் கேளுங்கள். தேறிய பாடத்துக்கு உரிய வேலையைக் கொடுத்து, பாக்கிப் பாடத்துக்கு உரிய வேலையை வேறொருவர் கண்காணிப்பில் வையுங்கள். கணக்கின் நகலை வாரம் ஒருமுறை வேறிடத்தில் எடுத்து வைப்பதை யாரை நம்பியும் விட்டுவிடாதீர்கள்.

உண்மையைச் சொன்ன பாதிப் பரீட்சைக்காரரை விரட்டிவிடாதீர்கள். முடிக்க உதவுவது சில வேளை முழுப் பட்டக்காரரைத் தேடுவதைவிட லாபம். மலேசியாவில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளரை வைத்து, மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு நூற்றுக்கு 1 வீதம் கட்டணம் செலுத்தும் முதலாளிகள், அந்தத் தொகையைத் தங்கள் ஆட்களின் பயிற்சிக்கு விதிப்படி கேட்டுப் பெறலாம். சிங்கப்பூரில் 25 வயதான குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற பெயரில் அரசாங்கம் 2016-இல் 500 வெள்ளி ஒதுக்கியது. 40 வயது நிரம்பியவர்களுக்கு 2024 மே மாதத்தில், தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கென மேலும் 4,000 வெள்ளி ஒதுக்கியது.

கடைப் பணத்தில் ஒருவரைப் படிக்க வைத்தால், தொகை, தேதி, தேறியபின் எத்தனை காலம் வேலை பார்ப்பது, தேறாவிடில் என்ன என்பவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுத்தில் உள்ளது பின்னால் மனக்கசப்பாக மாறாது.

முடிவுரை

மளிகைக் கடைப் பெரியவர் அன்றிரவே மகனிடம் மூன்று கேள்விகள் கேட்டாராம். "தேறியது எந்தப் பரீட்சை? எந்த வரிசை? மற்றதை எழுத என்றைக்கு?" முதல் இரண்டுக்கும் மகன் உடனே விடை சொல்லியிருக்கிறான், அவன் தேறியது 220-1201, புதிய வரிசை. மூன்றாவதற்கு விடை இல்லை. முதற்பாதியே தட்டுத்தடுமாறித் தேறியதால், இரண்டாவதில் தவறிவிட்டால் அத்தா முகத்தில் எப்படி விழிப்பது என்ற அச்சத்தில்தான் எட்டு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறான். இதைக் கேட்டதும் பெரியவருக்குக் கோபம் போய்விட்டது. இப்போது மகன் காலையில் கடையில் நிற்கிறான்; அஸருக்குப் பின் படிக்கிறான்; பரீட்சைக்குத் தேதியும் பதிந்தாகிவிட்டது. தேறினால் மகிழ்ச்சி. தேறாவிடினும், எதைத் தேறினான் எதைத் தேறவில்லை என்று தலை நிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொண்டான். அதற்கும் விலை உண்டு.

ஜவுளிக் கடைக்காரரும் போன வாரம் சொன்னார்: "அந்தப் பையனிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் பாய்." நம்மில் ஆள் எடுப்போர் அனைவரும் நினைவில் வைக்கத்தக்க வார்த்தை அது. அல்லாஹ் நம் அளவையும் நிறையையும் நேராக்கி வைப்பானாக. ஆமீன்.

பாடத்தின் வினாக்கள்

1. பரீட்சையில் தேறுவதால் கிடைக்கும் மூன்று பொருள்கள் யாவை? பாதியில் நிற்பவரிடம் அவற்றுள் எவை இருக்கும்?

2. ஏ-பிளஸ் பரீட்சையைக் கிணறு என்றும், சி.சி.என்.பி.யைப் படிக்கட்டு என்றும் சொன்னதற்குக் காரணம் என்ன?

3. 220-1101 மட்டும் தேறி நின்றவர் இன்று பட்டம் பெற என்ன செய்யவேண்டும்?

4. உங்கள் வீட்டில் அல்லது கடையில் பாதியில் நிற்கும் படிப்பு ஒன்று உண்டா? ஆறாம் பிரிவில் உள்ள நான்கு கேள்விகளையும் அதற்குப் போட்டு, விடையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.